சரி கேப்டன்

இடது கைப்பக்கம் மஞ்சள் வீடு, மாடியில் ஆள் இருக்கு, உள்ள போகாத ரியாஸ், சுத்தி வா, சுத்தி வாலே என்று கெசியா தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னாள், அதற்கு ரியாஸ் "சரி கேப்டன்" என்றான், என்றவன் சொன்ன வாய் மூடுவதற்குள் அந்த மஞ்சள் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே போனான். மாடியில் பதுங்கியிருந்தவன் நாலு குண்டில் அவன் சோலியை முடித்தான். என்ன ஏது என்று பார்க்கப் போன துரை, அவனும் அதே கதவு, அதே மாடி, அவனும் காலி. கெசியாவுக்கு உடனே கோபம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வருகிற கோபம் அன்றைக்கு வரவில்லை. சரி என்றானே. காது கேட்காதவன் சரி என்று சொல்லமாட்டான், பிடிக்காதவனும் சரி என்று சொல்லமாட்டான், சரி என்று சொல்லிவிட்டுச் சாகப் போகிறவனை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வழக்கமாக அவள் வரைபடத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள், புள்ளி நாலு பேர் போனிலும் தெரியும், அது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போன விஷயம். இன்றைக்குப் பார்த்து ஒருத்தர் கடைவாசலில் வந்து நின்று பள்ளிக்கூடத்து ஷூ வச்சிருக்கியளா என்று கேட்டுத் தொலைத்தார், ஒரு கை அட்டைப்பெட்டியில், ஒரு கை போனில், புள்ளி வைக்க விரல் இல்லை, வாயால் மட்டும் சொன்னாள். வாயால் சொன்னால் போதாதா. இல்லை என்றதும் அந்த ஆள் போய்விட்டார், அவருடைய நிழல் மட்டும் இன்னும் ரப்பர் செருப்புகள் தொங்குகிற கம்பிக்குக் கீழே நிற்பது போலிருந்தது.

போனில் ஆடுகிற ஆட்டம்தான். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், நாலு நாலு பேராகக் கூட்டு, தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வட்டத்துக்கு வெளியே நின்றாலும் சாவு, உள்ளே வேறு கூட்டத்திடம் மாட்டினாலும் சாவு, கடைசி வரைக்கும் நிற்கிற கூட்டம் ஜெயித்தது. காதில் மாட்டிக்கொண்டு நாலு பேரும் பேசிக்கொண்டே ஆடலாம். இந்தக் கூட்டுக்குக் கெசியா கேப்டன். வயது பதினேழு, பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவள், பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அப்பாவின் செருப்புக் கடையில் மத்தியானம் அப்பா சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிற வரைக்கும் கல்லாவில் இருக்கிறவள். அந்த நேரத்தில் ஈ கூட வராது. புது ரப்பர் வாடை, சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஃபேன், வெயிலில் வெளுத்துப்போன அட்டைப்பெட்டிகள், அதற்கு நடுவில் இந்தத் தீவு. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஒரு தடவை மொத்த கிளாஸுக்கும் முன்னால் உனக்கு வாய் மட்டும்தான் இருக்கு என்றாள். சரி, இருக்கட்டும், வாய் இருக்கிறவளுக்கும் ஒரு எடம் வேண்டுமே, அது இதுதான் என்று கெசியா நினைத்திருந்தாள். இங்கே வாய்தான் வேலை. இங்கே அவள் பேசப் பேசத்தான் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

செத்தவர்கள் மீதி ஆட்டத்தை வேடிக்கை பார்க்கலாம், பேசவும் செய்யலாம். ஆனால் துரை, "மைனி, நீங்க அப்படியே புல்லுக்குள்ள படுத்துக் கெடங்க, நானும் ரியாஸும் டீ குடிச்சிட்டு வந்துருதோம்" என்றான். மேலப்பாளையத்தில் ரியாஸ் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் ரெண்டு பேரும் ஆடுவார்கள். "ஏலே, ஆட்டம் முடியலல்லா, என்னலே டீ" என்று கெசியா கத்தினாள். போனைத் தரையில் வைக்கிற சத்தம், மாடிப்படியில் செருப்புச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மைனியிடம் சொன்னான், தன்னிடம் சொல்லவில்லை. இதைக் கெசியா அப்போதே கவனித்தாள், கவனித்து ஓரமாக வைத்தாள், அவளுக்குத் திட்ட ஆள் வேண்டியிருந்தது. தீவில் அவர்கள் கூட்டில் மிச்சம் இருந்தது அவளும் சொர்ணா மைனியும்தான்.

சொர்ணா மைனி துரையின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். நாலாவது ஆளாக ஆடிக்கொண்டிருந்த சுடலைமணி போன் உடைந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிட, ஆள் இல்லாமல் துரை வீட்டிலிருந்து மைனியைக் கூட்டிவந்தான். போன வாரம்தான் சேர்ந்தாள். முதல் நாள் பாராசூட்டைத் திறக்காமல் இறங்கிக் கடலில் விழுந்தாள். மறுநாள் தன்னைச் சுட்டவனிடமே சாரி சொன்னாள். சாரி சொல்லாதிய மைனி, நீங்க சாரி சொல்லுத நேரத்துல இன்னும் ரெண்டு குண்டு ஏறும், ஓடாதிய, நில்லுங்க, ஏன் நிக்கிய, ஓடுங்க, மருந்த நீங்களே வச்சிக்கிட்டு ஏன் முழிக்கிய, ரியாஸுக்குக் குடுங்க, கூட்டத்த விட்டுத் தனியாப் போகாதிய, தனியாப் போறவ சாவா, எல்லாரையும் சேத்துச் சாகடிப்பா. இத்தனையும் கெசியா சொல்லிக் கொடுத்ததுதான். சொல்லிக் கொடுத்தது என்றால், கத்தினது.

"மைனி, பாத்தியளா? உள்ள போகாதன்னு நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்ன பிள்ள."

"சரின்னானா?"

"சரின்னான்."

"பொறவு ஏன் போனான், மூதி?"

மைனி பக்கத்தில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. திரையில் அவளுடைய ஆள் புல்லுக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தது.

"அவனுக்குக் கேக்காதுல்லா பிள்ள."

"எது கேக்காது?"

"நீ பேசுதது. உன்ன மியூட்டுலதான போட்டுருக்கானுவ." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உனக்குத் தெரியாதா?"

தெரியாதா என்று கேட்டது சாதாரணமாகத்தான் இருந்தது. தெருவில் தண்ணீர் இன்றைக்கு வராதாமே, உனக்குத் தெரியாதா, அந்த மாதிரி. மைனிதான் பேசிக்கொண்டு போனாள், பேச்சை ஆரம்பித்துவிட்டு நிறுத்தத் தெரியாத ஆள், அதோடு பொய்யும் வராத ஆள். "நான் சேந்த அன்னைக்கே சொல்லிட்டானுவ. ஆட்டம் ஆரம்பிச்சதும் உன் பேருக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்காம், அத அமுக்கிரணும். உனக்குச் சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு அப்பப்ப ஒருத்தன் சரி கேப்டன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமாம். ஒரு நாள் துரை, ஒரு நாள் ரியாஸ். இன்னைக்கு ரியாஸ் முறை."

முறை. அந்த வார்த்தையில் கெசியாவின் புத்தி போய் மாட்டிக்கொண்டது, தாவணி முள்ளில் மாட்டினால் இழுக்க இழுக்கக் கிழியுமே, அப்படி. முறை என்றால் கிளாஸ் கூட்டுகிற முறை, தெருக்குழாயில் குடம் வைக்கிற முறை, மாசாமாசம் மாதா கெபியில் விளக்கு ஏற்றுகிற முறை. முறை வைத்துச் செய்கிறவர்கள் விருப்பத்தோடு செய்யமாட்டார்கள், முறைக்கு வந்தால் செய்வார்கள், சில நாள் மாற்றிக்கொள்வார்கள், லே இன்னைக்கு நீ சொல்லுலே, எனக்கு வேலை கெடக்கு. அவளுக்காக இரண்டு ஆண்பிள்ளைகள் முறை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று யார் முறை? நேற்று துரை சொன்னான். நேற்று தீவின் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே, நாம ஜெயிச்சிட்டோம்லே, ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு இன்னைக்குத்தான் சந்தோசமா இருக்கு என்று அவள் சொன்னாள், சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள், அந்த மாதிரிப் பேச்செல்லாம் அவள் பேசுகிற ஆள் இல்லை. அதற்குத் துரை சரி கேப்டன் என்றான். அவன் வெட்கப்படுகிறான் போல என்று நினைத்தாள். நினைத்துச் சிரித்தாள் வேறு.

"எப்ப இருந்து மைனி?"

"ஒரு மாசமா இருக்கும்னு நெனைக்கேன். சுடலை இருக்கும்போதே போட்டுட்டானுவ. அந்தப் பய போனதே..." மைனி பேச்சை விழுங்கினாள். விழுங்கின மீதி கெசியாவுக்குத் தெரிந்தது. சுடலையின் போன் உடையவில்லை. அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது தினமும், அதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வேறு யாரோ அவன் பேரில் ஆடுகிறார்கள் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். ஒருத்தரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்த காரணம். அவன் நிற்பதற்கு முந்தின நாள் அவனை என்ன சொன்னோம்? என்னவோ சொன்னோம். உன்னப் பெத்ததுக்கு ஒங்கம்மா ஒரு எருமைய வளத்துருக்கலாம், பாலாவது குடுக்கும் என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சுடலையும் சிரித்தானே. சிரித்தானா? நாலு சிரிப்புச் சத்தம் கேட்டதாக அவளுக்கு ஞாபகம், நாலில் ஒன்று அவளுடையது, மீதி மூன்று கேட்டதா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறாள், மியூட்டில் போட்டவனுக்கு அது கேட்டே இருக்காதே, ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை மாறுகிறது.

அப்போதுதான் ஒரு நம்பிக்கை வந்தது, அசிங்கமான நம்பிக்கை, மூழ்குகிறவளுக்குக் கையில் சிக்குகிற பாசி மாதிரி. மைனி போடவில்லையே. மைனிக்குக் கேட்கிறதே. ஒரு ஆளாவது.

"நீங்க ஏன் மைனி என்ன மியூட்டுல போடல?"

"எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியல பிள்ள."

கெசியா பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"தேடத்தான் செஞ்சேன்," என்றாள் மைனி. "துரைட்ட கேக்கலாம்னா வெக்கமா இருக்கு, இது கூடத் தெரியலயான்னு சிரிப்பான். பொய் சொல்லக் கூடாதுல்லா. நீ சொல்லுததெல்லாம் சரியாத்தான் சொல்லுத. ஆனா நீ சத்தம் போட்டா எனக்குக் கை நடுங்குது. இடதுன்னா இடது எதுன்னே மறந்து போகுது. நீ கோச்சிக்கிடாத என்னா." குக்கர் இன்னொரு விசில். "ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்யன்னுதான் பயலுவ பேசிக்கிட்டு இருக்கானுவ. அங்கன மியூட்டு கிடையாதாம்லா."

ஞாயிற்றுக்கிழமை. மேலப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி, ஊரிலிருந்து பதினாறு கூட்டு வருகிறது, நாலு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும். அதற்காகத்தான் கெசியா இத்தனை நாளும் உயிரை விட்டாள். அப்பாவிடம் ஜெபக்கூட்டம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் அமுக்குவதற்குப் பட்டன் கிடையாது. "அவனுவ என்ன செய்யப் போறானுவளாம்?" என்று கேட்டாள். தன் குரல் மெல்லிசாகப் போனதை அவளே கேட்டாள். "காதுல பஞ்சு வச்சிக்கிடுவோம்னான் துரை. ரியாஸ் அதெல்லாம் ஆவாது, அவள விட்டுட்டு சுடலையக் கூப்பிடுவோம்னான். துரைதான் வேண்டாம்னுட்டான். மேப்புல மார்க்குப் புள்ளி வைக்க அவள மாதிரி இன்னொருத்தி இந்த ஜில்லாவுலயே கிடையாது, வாய மட்டும் கழத்தி வச்சிட்டு வந்தா அவளக் கும்பிடலாம்னான். இன்னும் முடிவாகல."

இன்னும் முடிவாகல. அப்படியானால் இந்த ஒரு மாதமாக ஜெயித்ததெல்லாம் எப்படி? புள்ளியால். அவள் வைத்த ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்த்துப் போனார்கள், வந்தார்கள், ஜெயித்தார்கள். வாயால் சொன்ன ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் வீட்டுக்குப் புள்ளி வைக்கவில்லை, செத்தார்கள். அவ்வளவு சுத்தமான கணக்கு. ஒரு மாதமாக அவள் பேசினதெல்லாம் எங்கே போயிற்று? இந்தக் கடைக்குள்தான் போயிருக்கிறது. பெட்டிகளுக்கு நடுவில், தொங்குகிற செருப்புகளிடம். வெளியே இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும், தனியாக உட்கார்ந்து இடது வலது என்று கத்துகிற ஒரு பெண், எதிரே வரிசையாக ஆம்பிளைச் செருப்பு, பொம்பிளைச் செருப்பு, ஒன்றும் பதில் சொல்லாதவை. பக்கத்துக் கடைப் பாத்திரக்காரர் ஒரு நாள் கேட்டார், ஏம்மா யாருட்டம்மா இந்தச் சண்ட என்று. ஃப்ரெண்ட்ஸ்ட்ட என்றாள்.

இன்னொன்றும் உடனே தோன்றியது, பொம்பிளைப் பிள்ளை சொல்லிக் கேட்கக் கூடாதென்று செய்திருப்பானுவளோ. அந்தக் காரணம் சௌகரியமாக இருந்தது, அதில் சாய்ந்து உட்காரலாம் போல இருந்தது. ஆனால் அதில் உட்கார முடியவில்லை. சுடலை பொம்பிளை இல்லை, அவனை ஓட்டினது அவள்தான். மைனி ஆம்பிளை இல்லை, கை நடுங்குகிறது அவளுக்கு. அந்தக் காரணம் இல்லை, வேறு காரணமும் கிடைக்கவில்லை.

"லே, சர்க்கரை கூடிப்போச்சு." ரியாஸின் குரல். வந்துவிட்டார்கள். டீ உறிஞ்சுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. "மைனி, உசுரோட இருக்கியளா?" என்றான் துரை. "இருக்கேன்" என்றாள் மைனி. "பெரிய ஆளுதான்" என்றான் துரை.

கெசியாவுக்கு இன்னும் நம்ப முடியவில்லை. மைனிக்கு விளையாட்டே தெரியாது, இது மட்டும் எப்படித் தெரியும், பயலுவ மைனியைக் கேலி பண்ணி எதையாவது சொல்லியிருப்பானுவ. சோதித்துப் பார்த்துவிடலாம். "ரியாஸ்," என்றாள், "உன் பைக்க எவனோ தள்ளிக்கிட்டுப் போறான்." டீ உறிஞ்சுகிற சத்தம். "ரியாஸ், நீ ஒரு கழுத. உங்க வாப்பா பெரிய கழுத." அவனுடைய வாப்பாவைச் சொன்னால் ரியாஸ் அருவாளை எடுக்கிற ஆள். "லே, பக்கத்து மாடியில புறா வளக்கானுவ பாரு" என்று அவன் துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எத்தனை புறா என்று துரை கேட்டான். கெசியா கண்ணை மூடிக்கொண்டாள். "துரை, கடைக்குள்ள பாம்பு வந்துட்டு. என் கால்ல கொத்திட்டு. ரத்தம் வருது துரை." சொல்லச் சொல்ல நெஞ்சு நிஜமாகவே அடித்தது, கால் பெருவிரல் நிஜமாகவே சுருக்கென்றது, குனிந்துகூடப் பார்த்தாள்.

"ஐயோ" என்றாள் மைனி.

"என்ன மைனி?"

"ஒண்ணுமில்ல துரை. எறும்பு கடிச்சிட்டு."

பிறகு டீயைத் தரையில் வைத்துவிட்டு, மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டவன் போல, ரொம்ப மரியாதையாக, ரியாஸ் சொன்னான்: "சரி கேப்டன்."

"ஏம்மா, எட்டாம் நம்பர்ல லேடீஸ் செருப்பு இருக்கா?" கடைவாசலில் ஒரு பெரியவர், கையில் ஒரு கிழிந்த செருப்பு. கெசியா காதிலிருந்ததைக் கழற்றாமலே எழுந்து நாலு பெட்டியை இறக்கினாள். என்ன விலை என்றார், சொன்னாள். உழைக்குமா என்றார். உழைக்காது, ஆறு மாசம் தாங்கும், வாரு பிஞ்சா ஒட்டிக்கிடலாம் என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார், எந்தக் கடைக்காரியும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார். அப்ப வேண்டாம் என்று கிழிந்ததை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குக் கேட்டது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஒரு தடவைதான் சொன்னாள், ஒருத்தருக்குக் கேட்டு, அவர் அதன்படி ஒரு காரியமும் செய்தார். கெசியா பெட்டிகளை அடுக்காமல் நின்றாள். கை வெறும் கையாக இருந்தது.

திரையில் வட்டம் சுருங்கி மைனி படுத்துக்கிடந்த புல்லுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இன்னும் இரண்டே கூட்டுதான் மிச்சம். எழுந்து பாறைக்குப் பின்னால் போக வேண்டும், வலதுபக்கம் போனால் தப்பிக்கலாம், இடதுபக்கம் போனால் துப்பாக்கிக்கு நேரே. மைனி எழுந்திரிங்க வலது வலது வலது, அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இடது எதுன்னே மறந்து போகுது என்று மைனி சொன்னது அங்கேயே குறுக்கே நின்றது. கத்தினால் இவள் இடதுபக்கம்தான் போவாள். கத்தாமல் எப்படிச் சொல்வது என்று கெசியாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, அந்தக் குரல் அவளிடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, மைனிக்குப் பட்டன் தெரியாத மாதிரி. ஞாயிற்றுக்கிழமையும் இதே வாயோடுதான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும், உட்கார விட்டால். அழுகை வரவில்லை. வந்தால் நல்லது என்று இருந்தது. புள்ளி வைக்கலாம். புள்ளியை மட்டும் வைத்தால் போதும். ஆனால் வாயும் சேர்ந்து வரும், அதை அவளால் நிறுத்த முடியாது, விரல் புள்ளியைத் தொட்டால் வாய் தானாகத் திறக்கும், ஒரே நரம்பு.

"மைனி," என்றாள். "நீங்க பதில் பேசாதிய. பயலுவளுக்குக் கேக்கும். நான் சொல்லுதத மட்டும் செய்யுங்க."

மைனியின் மூச்சு கேட்டது.

"திரையில மேல, வலது மூலையில பாருங்க. சோத்துக்கைப் பக்கம். மைக்கு படம் ஒண்ணு இருக்கும், சின்னதா. அத அமுக்குனா நம்ம நாலு பேரு பேரும் வரும். மெதுவாப் பாருங்க, அவசரமில்ல, வட்டம் வர நேரம் இருக்கு. மூணாவது நான். என் பேருக்குப் பக்கத்துல குழாய் ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு இருக்குல்லா. மேல இருக்கத, கீழ உள்ளது வேற. மேல இருக்கத ஒருக்கத் தொடுங்க. தொட்டா அதுல ஒரு கோடு விழும். அவ்வளவுதான்."

அவள் ஒருத்திக்கு ஒன்றைச் சத்தம் போடாமல் சொல்லிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மைனி ஆள் புல்லுக்குள் அசையாமல் கிடந்தது. "மைனி, கேக்குதா?" பதில் இல்லை. பேசாதிய என்று சொன்னதால் பேசவில்லையா, கோடு விழுந்துவிட்டதா? "மைனி, கேட்டா ஒருக்க இருமுங்க." குக்கர்ச் சத்தமும் நின்றிருந்தது. யாரும் இருமவில்லை. இப்போது உலகத்தில் ஒருத்தருக்கும் கேட்காது என்று தெரிந்த அந்த நொடியில் கெசியாவுக்குப் பயம் வந்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிற பயம். பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான். அவள் பெருவிரல் தன்னுடைய மைக்கின் மேல் போய் நின்றது, அதை அவள் இதுவரை தொட்டதே இல்லை, அணைத்தாள். வாய் மூடியிருந்தது. அதிசயமாக, விரல் நகர்ந்தது. பாறைக்கு வலதுபக்கம் ஒரு புள்ளி. மைனி எழுந்தாள், நடுங்காமல், தடுமாறாமல், கோயிலுக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்து பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அடுத்த புள்ளி. அதற்கும் போனாள்.

"சூப்பர் மைனி," என்றான் துரை. பிறகு, "லே. கெசியா மைக்கப் பாரு."

"என்ன?"

"ஆஃப்ல கெடக்கு."

"நெட்டு போயிருக்கும்."

"மார்க்கு விழுதுல்லா. நெட்டு போனா எப்படி விழும்?"

ரியாஸ் யோசிக்கிற சத்தம் கூடக் கேட்பது போலிருந்தது. "அவ அப்பா வந்துருப்பாரோ."

"அவரு வந்தா இன்னுங் கூடல்லா கத்துவா. இது அணைஞ்சு நான் பாத்ததே இல்லலே." துரையின் குரலில் இருந்தது என்ன என்று கெசியாவுக்குப் பிடிபடவில்லை. "நான் மியூட்ட எடுத்துட்டேன். ஒண்ணும் கேக்கல. நீயும் எடு. ஏட்டி கெசியா. ஏட்டி. இருக்கியா?"

அவளுக்குக் கேட்டது. மூச்சுக்கூட விடாமல் இருந்தாள்.

"மைனி, நீங்களும் மியூட்ட எடுத்துட்டு ஒருக்கக் கூப்பிடுங்க. உங்கட்டன்னா பேசுவா."

"எனக்கு எடுக்கத் தெரியாதே துரை," என்றாள் மைனி. "போட மட்டுந்தான் தெரியும். அதுவும் இப்பதான் சொல்லித் தந்தா."

"யாரு சொல்லித் தந்தா?"

"கெசியாதான். மூணாவது பேருன்னு சொல்லி, சோத்துக்கைப் பக்கம்னு சொல்லி, அழகாச் சொல்லித் தந்தா."

ரியாஸ் வீட்டுக்குப் பக்கத்து மாடியில் புறா படபடக்கிற சத்தம் மட்டும். தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று பயலுவளுக்கு இப்போது விளங்கியிருக்கும் என்று கெசியா நினைத்தாள், நினைத்ததில் சந்தோசம் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்று காதில் இரண்டு காது திறந்திருக்கிறது. ஒரு மாதப் பேச்சு மொத்தமும் நெஞ்சுக்குள் தண்ணீர்த் தொட்டி மாதிரி முட்டிக்கொண்டு நின்றது, ஏமாத்துக்காரப் பயலுவளா, முறையா லே வச்சிருக்கிய, பஞ்சு வைப்பியா லே. மைக்கைத் தொட்டாள். பச்சை எரிந்தது.

"துரை."

"சொல்லுட்டி." கேப்டன் இல்லை, சரி இல்லை.

தொட்டி முழுவதும் நின்றது, வெளியே வந்தது ஒரு சொட்டுத்தான். "மைனிக்கு நான் பேசுதது கேக்காது. நீ சொல்லு. என் பேருக்குப் பக்கத்துல தொட்டாங்கல்லா, அதையே இன்னொருக்கத் தொடணும். மேல உள்ளத."

"மைனி, அதையே இன்னொருக்கத் தொடணுமாம். மேல உள்ளத."

பாறைக்குப் பின்னால் மைனியின் ஆள் திடீரென்று எழுந்து நின்ற இடத்திலேயே ரெண்டு குதி குதித்தது. தூரத்தில் எவனோ சுட்டான், குண்டு பாறையில் பட்டுத் தெறித்தது.

"அது குதிக்கதுக்கு உள்ளதுல்லா," துரை கத்தினான், "மேலன்னா மேல மைனி, மேல, சோத்துக்கைப் பக்கம், எத்தன தடவ சொல்ல, மேல பாருங்கன்னா—"

"கத்தாதலே," என்றாள் கெசியா. "அவங்களுக்குக் கை நடுங்கும்."